தோலும் முடியும் நகமும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி, அழகுக்கலைப் பயிற்சி பெறும் மாணவ மாணவியர்க்கு ஆற்றிய உரை)



இன்று காலை நான் இம்மண்டபத்துள் நுழையும்போது பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "அம்மா, இருபத்தைந்து ஆண்டுகளாக வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி இந்தக் கழகத்தை வளர்த்தோம். நம் பிள்ளைகளில் ஆசிரியர் உண்டு, செவிலியர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. என் பேத்தி மட்டும் ஊரார் தலைமுடியையும் கால்நகத்தையும் தொட்டு வேலை செய்வதற்கா படிக்க வேண்டும்?" என்றார். அவர் குரலில் இருந்த வலியை நான் அறிவேன். என் தந்தையாரும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டவர்தாம். இதற்கு விடையை உரையின் முடிவில் சொல்கிறேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம். அந்தப் பாடத்திலேயே விடையில் பாதி இருக்கிறது.

தோல்

உடலின் மிகப் பெரிய உறுப்பு எது என்று வகுப்பில் கேட்டால், ஈரல் என்பார் சிலர், நுரையீரல் என்பார் சிலர். தோல்தான் அது. வளர்ந்த ஒருவருடைய தோலை விரித்து அளந்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் இருக்கும். ஒருவர் படுத்துறங்கும் கோரைப்பாயின் பரப்பு ஏறத்தாழ அவ்வளவுதான்.

தோல் மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே இருப்பது மேல்தோல். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதன் அடித்தளத்தில் புதிய உயிரணுக்கள் ஓயாது பிறக்கின்றன. அவை மெல்ல மெல்ல மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, உயிரிழந்து, கெரட்டின் என்னும் புரதம் நிறைந்த செதில்களாக மேற்பரப்பை அடைந்து உதிர்கின்றன. இப்பயணத்திற்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். எனவே "மூன்றே நாளில் புதிய தோல்" என்று விளம்பரம் செய்பவரைக் கண்டால் ஐயுறுங்கள். உதிரவேண்டிய செதில் தானாக உதிரும். அதற்கு முன்னே அதைத் தேய்த்து உரித்தால் நோய்க்கிருமிகளைத் தடுக்கும் மதிலை நாமே இடிப்பதாகும்.

மேல்தோலுக்குக் கீழே உள்தோல். இரத்தக் குழாய்களும், நரம்பு முனைகளும், வியர்வைச் சுரப்பிகளும், எண்ணெய்ச் சுரப்பிகளும், மயிர்க்கால்களும் இங்கே உள்ளன. தோலுக்கு வலிமையும் நெகிழ்ச்சியும் தரும் நார்களும் இங்கேதான் உள்ளன. அதற்கும் கீழே கொழுப்புப் படலம் மெத்தைபோல் அமைந்து உடலின் சூட்டைக் காக்கிறது.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையா. வயலிலும் கட்டட வேலையிலும் வெறுங்காலோடு உழைத்த நம் தாய்மார்களின் குதிகாலில் பித்தவெடிப்பு தோன்றக் காரணம் இதுவே. இயற்கையாக எண்ணெய்ப் பசை ஊறாத தோல், வறண்டு, உடலின் பாரம் தாங்காமல் பிளக்கிறது. அக்காலை வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, ஈரம் முற்றும் உலருமுன் எண்ணெயோ களிம்போ தடவினால் அந்த ஈரம் உள்ளே தங்கும். பிளேடு கொண்டு சீவுதல் கூடாது. நீரிழிவு நோய் உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். சிறு வெட்டும் ஆறாப் புண்ணாகிக் காலையே இழக்க நேரிடலாம். ஆதலால் பாத ஒப்பனைக்கு வருபவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "அம்மா, உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா?" என்பதே.

தோலின் மேற்பரப்பு சிறிது அமிலத் தன்மை உடையது. நாம் பயன்படுத்தும் சவர்க்காரக் கட்டிகள் பெரும்பாலும் காரத் தன்மை உடையவை. நாளைக்கு ஐந்துமுறை சோப்புப் போட்டு முகம் கழுவும் பெண்ணின் தோல் வறண்டு எரிவதற்கு இதுவே காரணம். எலுமிச்சைச் சாறு நல்லது என்று எண்ணி அதை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் செல்வதும் தீங்கானது. அச்சாறும் வெயிலும் சேர்ந்து தோலைக் கொப்புளிக்கச் செய்து கரிய தழும்பை விடக்கூடும்.

தோலின் நிறம்

மாணவச் செல்வங்களே, இப்பகுதியை ஊன்றிக் கேளுங்கள்.

மேல்தோலின் அடித்தளத்தில் நிறமி அணுக்கள் உள்ளன. அவை மெலனின் என்னும் கருமைப் பொருளைச் செய்து சுற்றியுள்ள அணுக்களுக்கு வழங்குகின்றன. கறுத்தவருக்கு இந்த நிறமி அணுக்கள் மிகுதி, வெளுத்தவருக்குக் குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். அது பிழை. உடலின் ஒரே இடத்தில் ஒரே பரப்பை எடுத்து எண்ணினால் எல்லா மக்களுக்கும் அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை செய்யும் மெலனின் துகள்களின் அளவிலும், வகையிலும், அவை பரவும் முறையிலும்தான் வேறுபாடு. அத்துகள்கள் ஒவ்வோர் உயிரணுவின் கருவின்மேலும் குடைபோல் கவிந்து நின்று வெயிலின் தீய கதிர்களிலிருந்து அதைக் காக்கின்றன. கருமை என்பது வெயில் நாட்டு மக்களுக்கு இயற்கை விரித்த குடை. அதில் இழிவு எங்கே வந்தது?

இந்த அறிவு தொழிலுக்கும் வேண்டும். நம்மைப் போன்ற கருந்தோலில் ஒரு பரு உடைந்தாலும், மெழுகு சுட்டாலும், வெளுப்புப் பொருள் எரித்தாலும், புண் ஆறிய இடத்தில் கரும்புள்ளி பல திங்கள் நிற்கும். வெள்ளையரின் தோலுக்கு எழுதப்பட்ட கால அளவை நம் தோலுக்கு அப்படியே பின்பற்றுதல் கூடாது. சூட்டைக் குறையுங்கள், நேரத்தைக் குறையுங்கள், சிறு இடத்தில் சோதித்துப் பாருங்கள்.

"என்னைச் சிவப்பாக்குங்கள்" என்று கேட்டு வருவோர் பலர் உண்டு. திருமணம் உறுதியான பெண்ணைத் தாயே அழைத்துவந்து கேட்பாள். சந்தையில் இதற்கென விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். ஆனால் அது தோல் வழியே உடலுள் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அண்மை ஆண்டுகளில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய களிம்புகளைப் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். வேறு சில களிம்புகளில் ஸ்டீராய்டு மருந்து இருக்கும். முதல் சில வாரங்களில் முகம் மினுக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவும் மீசைமுடியும் தோன்றும். நிறுத்தினால் எரியும், எரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் பூசுவார்கள். ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று நடுவண் அரசு 2018இல் ஆணையிட்டது. ஆயினும் அவை கடைகளில் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. செய்தவர் முகவரியும், உரிம எண்ணும், உள்ளிருக்கும் பொருள்களின் பட்டியலும் இல்லாத எந்த டப்பாவையும் உங்கள் மேசைமேல் வைக்காதீர்கள். "சிவப்பாக்கித் தரப்படும்" என்று உங்கள் கடைப் பலகையில் எழுதாதீர்கள். நிறத்தால் தாழ்வு சொல்லப்பட்ட மக்களின் பிள்ளைகள், அதே தாழ்வை விலைக்கு விற்கலாகாது.

முடி

முடியின் வேர் மட்டுமே உயிருள்ளது. தோலுக்கு வெளியே நாம் காண்பது உயிரற்ற கெரட்டின் நார். வெட்டினால் வலிக்காமல் இருப்பது அதனால்தான். மயிர்க்காலின் அடியிலுள்ள சிறு மேட்டிற்கு இரத்தம் உணவைக் கொண்டு செல்கிறது. ஆகவே முடிக்கு உணவு தட்டிலிருந்து போகவேண்டும். கீரையும், பருப்பும், முட்டையும் உண்ணாத பெண்ணுக்குப் புட்டியிலிருந்து எதைத் தடவினாலும் வேர் வலுப்பெறாது.

முடியின் புறத்தே செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டுவீட்டுக் கூரைபோல் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் முனைகள் நுனியை நோக்கியிருக்கும். எனவே வேரிலிருந்து நுனி நோக்கியே சீவவேண்டும். சிக்கு இருந்தால் முதலில் நுனிப் பகுதியைப் பிரித்து, பிறகு சிறிது சிறிதாக மேலே செல்லவேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் கூரை பிய்ந்துவிடும். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் முடியின் உட்பகுதி வரை ஊடுருவி, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்பதை 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று காட்டியது. ஆனால் பொடுகு மிகுந்த தலையில் எண்ணெயை ஊறவைத்தல் நல்லதன்று. பொடுகோடு தொடர்புடைய நுண்ணுயிர் அந்த எண்ணெய்ப் பசையை உண்டே வளர்கிறது.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் திங்களுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு வளர்கிறது. சில ஆண்டுகள் வளர்ந்தபின் ஓய்ந்து, ஏறத்தாழ மூன்று திங்கள் கழித்து உதிர்கிறது. அவ்விடத்தில் புதுமுடி முளைக்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சலுக்குப் பின்னும், பிள்ளைப் பேற்றுக்குப் பின்னும், இரண்டு மூன்று திங்களில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். மிகப் பல முடிகள் ஒரே வேளையில் ஓய்வுக்குப் போனதன் விளைவு அது. பெரும்பாலும் தானே திரும்ப வளரும். கைக்குழந்தையோடு கண்கலங்கி வரும் இளந்தாயிடம் விலைமிக்க சிகிச்சையை விற்காமல் இவ்வுண்மையைச் சொல்லுங்கள். அவள் ஆயுள் முழுதும் உங்கள் கடையைத் தேடி வருவாள்.

இனிச் சாயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இது என் சொந்தப் பிழையின் கதை. தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு. நாற்பது வயது அம்மையார் ஒருவர், மறுநாள் மகன் நிச்சயதார்த்தம், உடனே தலைக்குக் கருஞ்சாயம் பூசவேண்டும் என்று வந்தார். சோதனை செய்யவேண்டும் என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். அவசரம் என்றதால் செய்யாமல் விட்டேன். மறுநாள் காலை அவர் கண்ணிமைகள் திறக்க முடியாதபடி முகம் வீங்கி மருத்துவமனையில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார்; என்னைக் குறை சொல்லவுமில்லை. ஆயினும் அவர் மகனின் விழாவில் அவர் இல்லாமல் போனதற்கு நான் காரணமானேன் என்பது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

கருஞ்சாயங்கள் பலவற்றிலும் பாராபினைலின் டையமின் என்னும் பொருள் உள்ளது. சிலருடைய உடல் அதனை ஏற்காது. முன்னர் பலமுறை பூசியவருக்கும் ஒருநாள் ஒவ்வாமை தோன்றலாம். எனவே ஒவ்வொரு முறையும் காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது தடவி 48 மணி நேரம் காத்திருங்கள். நமைச்சலோ சிவப்போ தோன்றினால் பூசக்கூடாது. தூய மருதாணி செம்பழுப்பு நிறமே தரும். "கறுப்பு மருதாணி" என்று விற்கப்படுவதில் இதே பொருளைக் கலக்கும் வழக்கம் உண்டு. மணப்பெண்ணின் கையில் அதை இடாதீர்கள்.

முடியை நேராக்கும் சிகிச்சைகளில் சில, சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு என்னும் ஆவியை வெளியிடும். அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள் என்று உலக நல அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அதனை வகைப்படுத்தியது. வாடிக்கையாளர் ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஆவியை முகர்வார். நீங்களோ நாள்தோறும் முகர்வீர்கள். சன்னலில்லாத அறையில் அவ்வேலையைச் செய்யச் சொல்லும் முதலாளியிடம் முடியாது என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும்.

நகம்

நகமும் கெரட்டினே. தோலடியில் மறைந்திருக்கும் நகவேரில் அது பிறக்கிறது. கட்டைவிரல் நகத்தின் அடியில் வெண்பிறைபோல் தெரிவது அவ்வேரின் வெளித்தெரியும் பகுதி. கைநகம் திங்களுக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வளரும். முழு நகம் புதிதாக ஆறு திங்கள் ஆகும். கால்நகத்திற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும்.

நகத்தின் அடியில் அதனை ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் விளிம்பு, கிருமிகள் நகவேருக்குள் புகாமல் அடைக்கும் முத்திரை. அழகுக்காக அதை முற்றிலும் வெட்டி எடுப்பது தவறு. நகச்சுத்தி வருவதற்கு அது ஒரு வாயில். எண்ணெய் தடவி மெல்ல ஒதுக்கினால் போதும்.

நகம் உடல்நலத்தைக் காட்டும் கண்ணாடி. கரண்டிபோல் குழிந்த நகம் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளமாகலாம். நம் பெண்மக்களிடையே இரத்தசோகை மிகுதி என்பதால் இதனைக் கவனியுங்கள். விரல்நுனி பருத்து நகம் கிளிமூக்குபோல் வளைந்திருந்தால் நுரையீரலோ இதயமோ பழுதுற்றிருக்கலாம். நகத்தில் வெண்புள்ளி இருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் அது சிறு அடியால் வந்தது. வளர வளர மறையும். கருந்தோல் உடையவர்க்குப் பல நகங்களில் கருங்கோடுகள் இயல்பாகவே உண்டு. ஆனால் ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகன்றுகொண்டே போகும் கோட்டை மருத்துவர் பார்க்கவேண்டும். அதை நகச்சாயம் பூசி மறைத்துவிடாதீர்கள்.

தூய்மையும் எல்லையும்

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, கண்ணுக்குத் தெரியாத காய்ந்த இரத்தத் துளியில் ஏழு நாள்வரை உயிர்த்திருக்கும். ஆகவே ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடு மற்றவருக்கு ஆகாது. கத்திரியையும் நகவெட்டியையும் முதலில் சோப்புநீரில் தேய்த்துக் கழுவவேண்டும். அழுக்கின்மேல் ஊற்றிய கிருமிநாசினி பயனற்றது. தோலைக் கிழிக்கக்கூடிய உலோகக் கருவிகளை நீராவி அழுத்தக் கலத்தில் 121 பாகை சூட்டில் குறைந்தது 15 நிமிடம் வைத்து எடுப்பது சிறந்தது. புருவம் திருத்தும் நூலைப் பல்லில் கடித்துப் பிடிக்கும் பழக்கத்தை விட்டுக் கழுத்தில் மாட்டிப் பழகுங்கள். உங்களுக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவம் செய்வது நம் வேலையன்று. ஆனால் மருத்துவர் காணுமுன் நாம் காண்போம். என்னிடம் வந்த கல்லூரி மாணவி ஒருத்தியின் தோளில் வெளிறிய படை ஒன்று இருந்தது. தேமல் என்று அவள் எண்ணியிருந்தாள். என் விரல் பட்டதை அவ்விடத்தில் அவள் உணரவில்லை. அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். தொழுநோயின் தொடக்கம் அது. பன்மருந்துச் சிகிச்சையை உலக நல அமைப்பு 1981இல் பரிந்துரைத்தது. அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகக் கிடைக்கிறது. உரிய காலத்தில் மருந்துண்டால் ஊனமின்றி முற்றும் குணமாகும். அந்தப் பெண் குணமடைந்து இன்று வேலைக்குச் செல்கிறாள். வெண்புள்ளி என்பது வேறு. நிறமி அணுக்கள் அழிவதால் வருவது, உணர்ச்சி குன்றாது, யாருக்கும் தொற்றாது. அதனை வெண்குஷ்டம் என்று அழைத்து ஒருவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுவது அறியாமை. தொடாதே என்று சொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். அச்சொல்லை இன்னொருவரிடம் நாம் சொல்லலாமா?

பெரியவருக்கு விடை

ஐயா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊர்ச் சவரக் கடையில் நம் முன்னோர்க்கு நாற்காலி கிடையாது. பல ஊர்களில் முடிவெட்டிக்கொள்ள அடுத்த நகரத்திற்கு நடந்தார்கள். அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அச்சட்டம் 1976இல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. இத்தனைக்குப் பின்னும் மறுப்புகள் மறையவில்லை. முடிதிருத்தும் தொழிலைச் செய்தவர்களோ ஊருக்கு மருத்துவம் பார்த்தவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஊரார் பிள்ளைகளைப் பெற்றெடுக்க உதவியவர்கள். அவர்களையும் ஊர் தாழ்த்தியே வைத்தது. தாழ்வு அந்த வேலையில் இல்லை, ஐயா. மறுக்கும் உரிமையும், கேட்கும் கூலியும், வேறு தொழில் தேடும் வழியும் இல்லாமற் செய்ததில் இருந்தது.

நான் உதவியாளராக இருந்த காலத்தில் ஒரு கடைக்கு வந்த பெண்மணி, நான் நகம் திருத்திக்கொண்டிருக்கையில் என் ஊரைக் கேட்டார், பிறகு தெருவைக் கேட்டார். சொன்னேன். கையை இழுத்துக்கொண்டார். எனக்கு அன்று பேச நா எழவில்லை. கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்தேன். இன்று எனக்கென்று ஒரு கடை உண்டு. என் விலையை நான் வகுக்கிறேன். தவறான பொருளைக் கேட்பவருக்கு மறுக்கிறேன். ஒருவருடைய தோலைப் பார்த்து அவரிடம் நோய் கேட்பேன், மருந்து கேட்பேன், ஒவ்வாமை கேட்பேன். தெருவைக் கேட்கமாட்டேன். உங்கள் பேத்தியும் அவ்வாறு நிற்பாள். அவள் விரும்பினால் இதைச் செய்யட்டும். விரும்பாவிட்டால் வேறொன்று கற்கட்டும். தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தரத்தானே நீங்கள் இக்கழகத்தைக் கண்டீர்கள்?

மாணவச் செல்வங்களே, அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் அழகுக்கலைக்கு ஓராண்டுப் படிப்பு உண்டு. நாடு முழுதும் செல்லும் சான்றிதழ் கிடைக்கும். 1974இல் நிறுவப்பட்ட தாட்கோ, நம் மக்கள் தொழில் தொடங்கக் கடனுக்கும் மானியத்திற்கும் வழி செய்கிறது. இவற்றைக் கேட்டு அறியுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு குறிப்பேட்டுப் பக்கம் ஒதுக்குங்கள். சோதனை செய்த நாளையும் முடிவையும் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அவசரம் என்று சொல்பவருக்காக 48 மணி நேரத்தைக் குறைக்காதீர்கள்.